ஏனோஸின் கிட்டாருக்கு ஆறு கம்பி

நவம்பர் 18, திங்கள்

ஜனவரியில் நகைக்கடையில் கொடுத்த டைரி. இத்தனை மாதம் அரிசி டப்பாவின் மேல் மூடி மாதிரி கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத ஒரு விஷயம் வந்திருக்கிறது.

காலையில் ஏனோஸ் போன் செய்தான். என் தம்பி. பம்பாயில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து இந்த வருடம்தான் ரிட்டயர் ஆனான். “கிறிஸ்துமஸுக்கு வாரேன்க்கா. நாலு நாள்” என்றான். கையில் இருந்த தோசைக் கரண்டியை எங்கே வைத்தேன் என்று இதுவரை தெரியவில்லை.

அவன் பாளையங்கோட்டையை விட்டுப் போய் முப்பத்தெட்டு வருடம். நடுவில் ஒரே ஒரு தடவை, அப்பா அடக்கத்துக்கு வந்தான். கல்லறையிலிருந்து நேராக ரயிலுக்குப் போய்விட்டான். போன வருடம் அவன் மனைவி தவறிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு குக்கரில் அரை டம்ளர் அரிசி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தடவை அவன் திரும்பிப் போகக் கூடாது. இங்கேயே இருந்துவிட வேண்டும். இதை அவனிடம் கேட்க எனக்கு வாய் வராது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருடம் ஊரையே பேசவைத்தவளுக்கு இது ஒன்று வரவில்லை. அதனால் பீரோ மேலிருந்து அவனுடைய கிட்டாரை இறக்கினேன்.

தூசி. ஆறு கம்பியும் துருப்பிடித்து, தொட்டால் விரலில் காவி ஒட்டுகிறது.

நவம்பர் 20, புதன்

ஜங்ஷனில் மைதீன் என்பவர் இசைக்கருவிக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி, ஸ்டூலை விட்டு எழுவதில்லை. மேல்தட்டில் உள்ளதையெல்லாம் ஒட்டடைக் கம்பால் தட்டிவிட்டு மடியில் பிடிக்கிறார். அந்தக் கடையில் ஏன் ஒரு பொருளும் நேராக இல்லை என்பது புரிந்தது.

“பத்தா, பதினொண்ணா, பன்னெண்டாக்கா?” என்றார்.

“அது என்ன, செருப்பு சைஸா?”

“கம்பி தடிமன். நம்பர் ஏற ஏற சத்தம் கனக்கும், விரலும் வலிக்கும்.”

“விரல் வலிக்காததா குடுங்க. அறுபது வயசுக்காரன் வாசிக்கணும்.”

பத்து கொடுத்தார். கிட்டாரைக் கொண்டுவந்தால் கட்டித் தருவதாகச் சொன்னார். எனக்கே கட்டத் தெரியும் என்றேன். “எங்கக்கா படிச்சிய?” என்றார். மறந்துவிட்டது என்றேன்.

மறக்கவில்லை. ஏனோஸுக்குக் கம்பி அறுந்தால் நான்தான் கட்டுவேன். அவனுக்குப் பொறுமை கிடையாது, சாவியை ஒரே முறுக்காக முறுக்கிப் புதுக்கம்பியையும் அறுப்பான். அம்மா போனபோது அவனுக்குப் பத்து வயது. சட்டைக்குப் பொத்தான் வைத்த அதே கைதான் கம்பியும் கட்டியது.

நவம்பர் 21, வியாழன்

பழைய கம்பி எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் புதுசைக் கட்டினேன். கை மறக்கவில்லை. ஆனால் சத்தம் சரியில்லை. மெல்லிய கம்பி புட்டிக்குள் மாட்டிய ஈ மாதிரி கரகரக்கிறது. தடித்த கம்பி தன் பள்ளத்தில் உட்காராமல் வெளியே துள்ளுகிறது. இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டியும் அதே கதைதான்.

நவம்பர் 25, திங்கள்

பன்னிரண்டாம் நம்பர் வாங்கிவந்து கட்டினேன். சத்தம் பெரிதானது. கரகரப்பும் பெரிதானது.

நவம்பர் 26, செவ்வாய்

மாவு அரைத்தேன். வெள்ளையடிக்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

எனக்கு வேண்டிய சத்தம் எதுவென்று எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் தொந்தரவு. சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தால் ஏனோஸ் கொல்லைப் படியில் இருப்பான். நான் எலுமிச்சை மரத்தடியில் கால் கழுவிக்கொண்டே அவன் பாட்டுக்கு இரண்டாம் குரல் பாடுவேன். நான் சுதி விலகினால் ஒன்றும் சொல்ல மாட்டான், என் வரி வரும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தி வாசிப்பான். அந்தக் கிட்டாரின் சத்தத்தில் ஒரு வெதுவெதுப்பு இருந்தது. மின்சாரம் போனால் இன்னும் நன்றாகக் கேட்கும். பக்கத்து வீடுகளில் பேச்சுக்கூட நின்றுவிடும். அந்த மூன்று நான்கு வருடத்தைப் போல என் வாழ்க்கையில் வேறு காலம் வரவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பர் 29, வெள்ளி

கிட்டாரைப் பழைய சேலையில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப் போனேன். “என்னம்மா, கச்சேரியா?” என்றார் கண்டக்டர். “ஆமா, நீங்கதான் பாடணும்” என்றேன். விசிலை ஊதிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

மைதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கழுத்தின் மேல்முனையைப் பார்த்தார். அங்கே ஒரு வெள்ளைத் துண்டு இருக்கிறது. அதில் ஆறு பள்ளம், பள்ளத்துக்கு ஒரு கம்பி.

“யாருக்கா இதை அராவுனது? தடிச்ச கம்பி உக்கார வேண்டிய எடத்துல நூல் மாதிரி பள்ளம். மெல்லிசு உக்கார வேண்டிய எடத்துல வாய்க்கா மாதிரி. அப்படியே தலைகீழா வெட்டி வெச்சிருக்கான் புண்ணியவான். இதைப் பிடுங்கிட்டுப் புதுத்துண்டு வெச்சா அஞ்சு நிமிசத்துல சரியாப் போயிரும்.”

“பிடுங்க வேண்டாம்.”

“பிடுங்காம எந்தக் கம்பி போட்டாலும் இப்படித்தான் கத்தும்.”

“கத்தட்டும்” என்று கிட்டாரைச் சேலையில் சுற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன். பாவம் மனிதர், என்ன தப்பாகச் சொன்னோம் என்று விழித்தார். அவர் ஒரு தப்பும் சொல்லவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

மழை. கிறிஸ்துமஸ் பலகாரம் செய்ய வேண்டும், முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்தேன். கிட்டாரைத் தொடவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

யாருக்காக மழுப்புகிறேன் என்று தெரியவில்லை. இந்த டைரியை என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்? எழுதிவிடுகிறேன்.

ஏனோஸ் இடதுகைக்காரன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். அவர் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இடதுகையால் சிலேட்டைத் தொட்டால் ஸ்கேல் பேசும். சொந்தப் பிள்ளையை விடுவாரா? வீட்டுப்பாடம் எழுதும்போது ஏனோஸின் இடதுகையைத் துண்டால் நாற்காலிக் காலோடு கட்டிவைப்பார். எழுத்து வலதுகைக்கு வந்துவிட்டது. சாப்பாடும் வந்துவிட்டது. கிட்டார் மட்டும் வரவில்லை.

அது எல்லாருக்கும் செய்வதுபோல் வலதுகைக்குச் செய்த கிட்டார். அவன் கம்பியை மாற்றிப் போட்டு, கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வாசித்தான். கம்பி உட்காரவில்லை என்று ஹாக்ஸா பிளேடால் அந்த வெள்ளைத் துண்டைத் தானே அராவினான். மைதீன் சொன்ன புண்ணியவான் அவன்தான். அவன் அராவும்போது கழுத்து ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

“பீச்சாங்கையால ஆண்டவரைப் பாடுதான்” என்பார் அப்பா. சாப்பிடும்போது, ஜெபம் முடிந்ததும், விருந்தாளிகள் முன்னால், எப்போதும்.

கம்பியை வலதுபுறமாகக் கட்டினால் இந்தக் கிட்டார் வாசிக்காது என்று எனக்கு நவம்பரிலேயே தெரியும். பின்னே ஏன் அப்படிக் கட்டினேன்? பீரோ மேலிருந்து இறக்கும்போது துருக்கம்பி அந்த வரிசையில்தான் இருந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்

ஏனோஸ் போன். ஜங்ஷனில் லாட்ஜ் போட்டிருக்கிறானாம். 

“வீடு இருக்கையில லாட்ஜ் எதுக்குல?”

“உனக்கு எதுக்குக்கா சிரமம்.”

“எனக்கு என்ன சிரமம்?”

“இருக்கட்டும்க்கா” என்றான்.

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தபால் ஆபீஸில் வரிசையில் நிற்பவரிடம் பேசுகிற மாதிரி பேசினான். வெள்ளையடிக்கிற ஆளிடம் இன்று முழுக்க எரிந்து விழுந்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

நாள் முழுக்க மழை. எல்லாக் கம்பியையும் அவிழ்த்து இடதுகைக்கு மாற்றிக் கட்டினேன். ஆறும் அதனதன் பள்ளத்தில் சமர்த்தாக உட்கார்ந்தன. ஒன்றுகூடத் துள்ளவில்லை.

டிசம்பர் 14, சனி

மைதீனிடம் போனேன். போன தடவை கோபித்துக்கொண்டதற்குப் பரிகாரமாகக் கொஞ்சம் முந்திரிக்கொத்து.

கிட்டாரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “இடதுகைக்காரரா? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாக்கா.”

“சொல்லியிருக்கலாம்.”

எனக்கு வேண்டிய சத்தத்தைச் சொல்லச் சொன்னார். எப்படிச் சொல்வது? வெதுவெதுப்பு என்றேன். கொல்லைப் படி, எலுமிச்சை மரம், கரண்ட் போன நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். வியாபார நேரத்தில் ஒரு மனிதர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டது ஆச்சரியம். பன்னிரண்டு இந்தப் பழைய மரத்துக்குக் கனம், பத்து மெலிவு என்று சொல்லிப் பதினொன்றாம் நம்பரில் வெண்கலம் சுற்றிய கம்பியைத் தட்டி இறக்கினார். நான் அங்கேயே உட்கார்ந்து கட்டினேன். அவர் சுதி சேர்த்து, கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே முடிவெட்டுகிறவர் மாதிரி திணறித் திணறி ஒரு தடவை மீட்டினார்.

அதே சத்தம். எனக்கு மறுபடியும் இருபத்தாறு வயதாகிவிட்டது. கால் ஈரமாக இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தேன்.

“இதானாக்கா?”

தலையை ஆட்டினேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

கோயிலில் கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்குப் பாட்டு ஒத்திகை நடக்கிறது. நான் கேட்காமல் வந்துவிட்டேன். வருடாவருடம் அப்படித்தான். தலைவலி என்பேன்.

1986-இல் கீத ஆராதனை டிசம்பர் 21. ஏனோஸ் தனியாக வாசித்துப் பாட வேண்டும் என்று போதகர் சொல்லியிருந்தார். ஒரு மாதமாக வீட்டில் அந்தப் பாட்டுத்தான். அன்றைக்கு மத்தியானம் அவன் கோயிலில் ஸ்டார் கட்டப் போயிருந்தான். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“கம்பியை மாத்திக் கட்டு. சபை முன்னால என் மானம் போக வேண்டாம். கம்பி மாறியிருந்தா வேற வழியில்லாம நல்ல கையால வாசிப்பான்.”

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், அடிக்கத் தெரியும். கம்பி கட்டத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இருபத்தாறு வயது, சொந்தச் சம்பளம். பயம் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுக்கப் பயமும் இல்லை. ஒத்திகையில் எல்லாரும் அவன் கையையே பார்த்துச் சிரித்தது எனக்கும் வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு நாள் மற்றவர்களைப் போல வாசித்தால்தான் என்ன என்று எனக்கும் இருந்தது. மாற்றிக் கட்டினேன். நானே கிட்டாரைக் கோயிலுக்கும் தூக்கிப் போனேன். ஆராதனைக்கு முன்னால் எடுத்துப் பார்ப்பான், கத்துவான், அழுவான், பிறகு எப்படியாவது சமாளிப்பான் என்று நினைத்தேன்.

அவன் எடுத்துப் பார்க்கவில்லை. நான் கட்டிய கம்பி என்ற நம்பிக்கை. விளக்கை எல்லாம் அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். இருட்டில் எழுந்து, வழக்கம்போல இடதுகையால் மீட்டினான். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அவன் இரண்டாம் தடவை மீட்டிப் பார்த்தான். மெழுகுவர்த்திப் பக்கம் குனிந்து கம்பியைப் பார்த்தான். கிட்டாரை பெஞ்சில் வைத்துவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாகப் போனான். நான்கே நாளில், கிறிஸ்துமஸ் அன்றைக்கு, பம்பாய்க்கு ரயிலேறினான்.

அப்பா மாற்றிவிட்டார் என்றுதான் அவன் நினைத்திருப்பான். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஏனோஸ் வந்துவிட்டான். தலை முழுக்க வெள்ளை. நடை அப்பா நடை, அதைச் சொன்னால் வருத்தப்படுவான். நேராக லாட்ஜுக்குப் போய்க் குளித்துவிட்டு விருந்தாளி மாதிரி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். மீன் குழம்பை மட்டும் விருந்தாளி மாதிரி சாப்பிடவில்லை. கிட்டாரைக் காட்ட நினைத்தேன், தைரியம் வரவில்லை. நாளைக்கு.

டிசம்பர் 23, திங்கள்

நாலு மணிக்குக் காப்பி போட்டுக்கொடுத்து, கொல்லைப் படியில் உட்காரவைத்து, கிட்டாரை எடுத்துவந்து மடியில் வைத்தேன்.

அவன் கிட்டாரின் மரத்தைத் தடவினான். “இன்னும் வெச்சிருக்கியாக்கா?” என்றான். அவன் கண் கிட்டார் மேல் இல்லை, என் முகத்தில் இருந்தது. பேசிக்கொண்டே பழக்கத்தில் தூக்கிப் பிடித்தான். கழுத்து அவனுடைய இடப்பக்கம் நீட்டியிருந்தது. மீட்டப் போன கை வலதுகை.

எனக்குப் புரிந்தது. வாயைத் திறப்பதற்குள் மீட்டிவிட்டான்.

அன்றைக்குக் கோயிலில் கேட்ட அதே சத்தம்.

ஏனோஸ் குனிந்து கம்பியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, “ரெண்டாந் தடவையாக்கா?” என்றான்.

“உனக்குத் தெரியுமால?”

“அன்னைக்கே தெரியும். வெட்டுன கம்பி முனை விரல்ல குத்தக் கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் சுருட்டி விட்டிருந்தே. அப்பாவா சுருட்டுவாரு?”

நான் அழுதேன். அறுபத்து நான்கு வயதில் கொல்லையில் நின்று, அக்கம்பக்கம் கேட்க அழுதேன். நான்தான் மாற்றினேன் என்றேன். அப்பா சொன்னார், ஆனால் எனக்கும் வெட்கமாக இருந்தது, அதனால் மாற்றினேன் என்றேன். இதைச் சொன்னபோதுதான் அவன் முகம் அசைந்தது.

“அப்பா மேல எனக்குக் கோவமே இல்லக்கா. அவரு அப்படித்தான். நீ ஒரு கடுதாசியில எழுதுவேன்னு பாத்தேன். மீன் வெல எழுதுனே, மழை எழுதுனே, யாரு செத்தா, யாரு பெத்தான்னு எழுதுனே. இதை எழுதலை. உன் வீட்டுக்கு வந்து என்ன பேசதுன்னு தெரியாமத்தான் வரலை.”

வலதுகைக்கு எப்போது மாறினாய் என்று கேட்டேன். பம்பாய் பரேலில் ஒரே அறையில் ஆறு பேராம். ஒருவனிடம் கிட்டார் இருந்ததாம், வலதுகைக் கிட்டார். “அடுத்தவன் கிட்டார்ல கம்பியை மாத்த முடியுமா? ரெண்டு வருசம் முக்கித்தான் பழகுனேன். அப்பா ஜெயிச்சுட்டாரு, போ.” 

நாளைக்கே மைதீனிடம் கொண்டுபோகிறேன், வெள்ளைத் துண்டைப் பிடுங்கிவிட்டு உன் கைக்கு மாற்றித் தரச் சொல்கிறேன் என்று நான் கிட்டாருக்குக் கை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை.

“நீ இனிமே இந்தக் கம்பியில கையே வைக்காத தாயீ” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான் என்று நினைக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டான்.

டிசம்பர் 24, செவ்வாய்

ஏழு மணிக்கெல்லாம் கதவைத் தட்டினான். இட்லிகூடச் சாப்பிடாமல் கிட்டாரை எடுத்துக்கொண்டு கொல்லைப் படிக்குப் போனான். நான் அடுப்படியில் இருந்து பார்த்தேன். கிட்டாரைத் திருப்பி, இடதுகைக்கு வைத்துக்கொண்டான். விரல்கள் எதற்கும் வளையவில்லை. ஒவ்வொரு விரலாக மற்றக் கையால் பிடித்துக் கம்பியில் வைத்தான். ஒரு சத்தம் சரியாக வந்தால் ஐந்து சத்தம் கோணலாக வந்தது. புதிதாகப் படிக்கிற பையன்கூட இதைவிட நன்றாக வாசிப்பான். ஆனாலும் அவன் திருப்பிப் பிடிக்கவில்லை. பத்து மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

இட்லியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

“கை மறந்துட்டுக்கா” என்றான். “பழையபடி வரணும்னா ஒரு வருசமாவது ஆவும்.”

இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. முப்பத்தெட்டு வருடமாக வராத வாய் வந்துவிட்டது.

“இங்கன இருந்து பழகு. ஒரு வருசம் ஆனா ஆவட்டும். ரெண்டு ஆனாலும் சரி. போகாதல.”

அவன் இட்லியைப் பிட்டான், சட்னியைத் தொட்டான். நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காவது இட்லியும் தீர்ந்த பிறகு கையை உதறிக்கொண்டு சொன்னான்.

“அப்பா கட்டில்ல மட்டும் நான் படுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

அதில் நான் படுத்துக்கொள்கிறேன், நீ என் கட்டிலில் படு என்றேன்.